மணல் மூட்டை கத்தாது

ஹலோ... ஹலோ... கேக்குது, கேக்குது, சொல்லுங்க... ஆமாங்க, பரசுராமன்தான்... யாரு?... இளவரசனா... எந்த இளவர... அட, சார்! அன்புச்செல்வி மேடம் வீட்டுக்காரரா! சார், நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. மேடம் நல்லாருக்காங்க... ஆமா... ஆமா... சத்தியமா சார். என் கண்ணு முன்னாடிதான் படுத்திருக்காங்க. மூஞ்சில ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருக்காங்க... ஐயோ, பயப்படாதீங்க, புகை உள்ள போனவங்களுக்கு அதை வைக்கறதுதானாம். டாக்டர் வந்து பாத்துட்டாரு. நாளைக்குக் காலைல வரைக்கும் இருக்கட்டும், அப்பால வீட்டுக்குக் கூட்டிக்கினு போலாம்னாரு...

இல்ல சார், குடுக்க முடியாது... தூங்கறாங்க. முழிச்சிக்கினு இருந்தாலும் பேசக் கூடாதாம், தொண்டை புண்ணாயிருக்குது... அவங்க போனா? அது லாட்ஜுலயே, நாலாவது மாடிலயே கெடக்குது. அதான் சிஸ்டர்கிட்ட என் நம்பரை எழுதிக் குடுத்தேன்... ஆமா, மதிவதனி சிஸ்டர். அவங்கதான் என்னை இந்த ஸ்டூல்ல உக்கார வச்சு, 'நகரக் கூடாது'ன்னுட்டுப் போயிருக்காங்க... நீங்க எங்க வர்றீங்க?... ஊத்தங்கரை தாண்டியாச்சா. சரி, சரி. இன்னைக்கு பௌர்ணமி, ஊருக்குள்ள பஸ் விட மாட்டான், வெளியவே இறக்கி விட்டுடுவான். இறங்கினதும் ஒரு போன் அடிங்க, வண்டி எடுத்துக்கினு வந்துடறேன்...

ஐயோ, வேணாம் சார்... அப்டியெல்லாம் சொல்லாதீங்க... சார், ப்ளீஸ்... தெய்வம் பெரிய கோயில்ல இருக்குது சார், நான் தீயணைப்பு சாமான் விக்கறவன். காப்பாத்தினது நான் இல்ல. ஒரு இரும்பு டப்பா... ஆமா, டப்பாதான். தேங்கா சைஸு இருக்கும்.

சொல்றேன், முதல்லேருந்து சொல்றேன். செங்கம் ரோட்டுல மேடம் மேனேஜரா இருக்கற லாட்ஜுக்கு நான் நாலு மாசமா நடக்கறேன். சேப்பு சிலிண்டர் வாங்கிட்டாங்க. அதோட இன்னொரு சாமான் வச்சிருக்கேன், நெருப்பு புடிச்சா மாடிலேருந்து ஆளை இறக்கற கயிறு மெஷின். அதை வாங்குங்க மேடம்னு கெஞ்சிக்கினே இருந்தேன். இன்னைக்குத்தான், 'சரி, வந்து மாட்டிக் காட்டுங்க'ன்னாங்க. பதினோரு மணிக்குப் போனேன். நாலாவது மாடி வராண்டா கடைசில, ஜன்னல் பக்கத்துல, செவுத்துல கொக்கி அடிச்சு மெஷினை மாட்டிட்டு விளக்கம் குடுத்துக்கினு இருக்கேன், கீழ படிக்கட்டுகிட்ட கரண்டு பெட்டி பத்திக்கிச்சு...

இல்ல சார், நான் பத்த வைக்கல!... இல்ல, நீங்க கேக்கறது சரிதான். போலீஸ்காரரும் முதல்ல அதைத்தான் கேட்டாரு. 'மெஷின் மாட்ன பத்தாவது நிமிஷம் நெருப்பா, நல்லா வியாபாரம் பண்றய்யா'ன்னாரு. எனக்கு அவ்ளோ சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் சார் இன்னும் பழைய மொபெட்டுல சுத்தறேன்?

நெருப்பு சின்னதுதான். புகைதான் ஜாஸ்தி. படிக்கட்டு வழியா கறுப்பா மேல வருது... மொட்டை மாடியா? பூட்டியிருந்துச்சு சார், சாவி கீழ. ஃபயர் வண்டிக்குப் போன் போட்டாச்சு, அவங்களும் கெளம்பிட்டாங்க. ஆனா ரோடு முழுக்க கிரிவலம் வந்த ஜனம், பாவம் அவங்க இன்னா பண்ணுவாங்க... மேல நாங்க நாலு பேர். நான், மேடம், ரூம் கூட்டற பச்சையம்மா, நானூத்தி நாலாம் ரூம்ல இருந்த டேனியல்னு ஒரு வெள்ளைக்காரர். பச்சையம்மா முப்பத்தெட்டு கிலோ. டேனியல் நூத்தி இருவது.

... ஆமா, ரெண்டு பேரும் அதே கயித்துலதான்... அறுந்துடாதா? அறுவாது சார், நடுவுல இரும்புக் கம்பி ஓடுது... வேகமா? அதான் இல்ல. அங்கதான் மெஷின் இருக்குது. நீங்க ஓசூர்ல இருக்கறதா மேடம் சொன்னாங்க, அங்க என்ன வேலை?... வண்டி கம்பெனியா! அட, அப்ப நான் உங்களுக்குச் சொல்லவே வேணாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல கிளட்ச் எப்டி வேலை செய்யுது?... ஆங்... ஆங்... கரெக்ட்! ஆக்ஸிலேட்டர் முறுக்கினா உள்ள சுத்தறது வேகமாகுது, ஷூ ரெண்டும் வெளிய விரிஞ்சு டிரம்ல போய் ஒட்டுது. அதேதான் சார், அதேதான்! அங்க வண்டியை ஓட வைக்குது, இங்க ஆளைப் புடிக்குது, அவ்ளோதான் வித்தியாசம்.

டப்பாக்குள்ள ஒரு சக்கரம். சக்கரத்து மேல கயிறு. கயித்து நுனில பெல்ட்டு. அக்குள்ல பெல்ட்டை மாட்டிக்கினு நாம இறங்கினா கயிறு ஓடும், சக்கரம் சுத்தும், உள்ள இருக்கற கட்டை வெளிப்பக்கம் ஒதுங்கி டிரம்ல உரசும். வேகம் ஏறினா உரசலும் ஏறும். வேகம் கம்மியானா உரசலும் கம்மி... ஆமா, நூத்தி இருவது கிலோன்னா கொஞ்சம் வேகமா இறங்கும், கொஞ்சம்தான். ஏன்னா வேகம் துளி ஏறினாலே உரசல் எக்கச்சக்கமா ஏறிடும். வினாடிக்கு மூணடி, மிஞ்சினா நாலடி. நாப்பத்தஞ்சு அடி உயரம், பதினஞ்சு வினாடில தரை. கரண்டு வேணாம், பேட்டரி வேணாம், கைல புடிக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. இறங்கறவங்க எதுவும் செய்ய வேணாம்... ஆமா சார், சும்மா தொங்கினா போதும். அந்த சும்மா தொங்கறதுதான் சிலருக்கு வர மாட்டேங்குது...

இல்ல, ஒண்ணும் இல்ல, பொதுவா சொன்னேன்... என்ன வீடியோ?... ஓ. வந்துடுச்சா. உங்க போன் வரைக்கும் வந்துடுச்சா... ஆமா... ஆமா, நம்ம லாட்ஜுதான்... ம்... ரெண்டாவது மாடிகிட்ட பெயர் போர்டைக் கட்டிப் புடிச்சிக்கினு ஒருத்தன்... ஆமா, ப்ளூ சட்டை... ம்... குண்டாத்தான் இருப்பான்... ம்... கத்தறான், ஆமா, அம்மா அம்மான்னு கத்தறான்... சார், அப்டித் திட்டாதீங்க... இல்ல, திட்டுங்க... நியாயம்தான்... அவன் தொங்கினதால மேல இருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க, அதுவும் நியாயம்தான்... தெரியும் சார், யாருன்னு தெரியும்... நல்லாவே தெரியும். தினம் காலைல அவன் மூஞ்சியைத்தான் நான் ஷேவ் பண்றேன்.

...

ஹலோ?... சார்?... லைன்ல இருக்கீங்களா?

... ஆமா சார். நான்தான்.

... ஆமா. விக்கறவனேதான்.

எப்டின்னா... சார், நான் மறைக்கணும்னு நெனைக்கல. நீங்க தெய்வம்னதும் எனக்குக் கூச்சமாப் போச்சு, நடுவுல சொல்லிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள நீங்க கிளட்ச்சை அவ்ளோ அழகா சொன்னீங்களா, அந்த சந்தோஷத்துல... சரி. சரி சார். சொல்றேன். முழுசா சொல்றேன். கேட்டுட்டு என்ன வேணா சொல்லுங்க.

ரெண்டு வருஷமா இதை விக்கறேன். நாப்பது எடத்துல காட்டியிருக்கேன். ஸ்கூல், கல்யாண மண்டபம், லாட்ஜு. எப்பவும் ஒரு மணல் மூட்டையைக் கட்டி இறக்குவேன். அம்பது கிலோ. அழகா இறங்கும் சார், தரைல போய் பூ மாதிரி உக்காரும். ஜனங்க கை தட்டுவாங்க. மணல் மூட்டை கத்தாது, கீழ பாக்காது, எதையும் புடிக்காது. 'நீங்க இறங்க மாட்டீங்களா'ன்னு யாராவது கேட்டா, 'எனக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்குது'ம்பேன்... இல்ல சார், ஆகல. எனக்கு உயரம்னா பயம். எங்க வீட்டுல ட்யூப் லைட் மாத்தறதுக்கு என் பொண்டாட்டி தனம்தான் ஸ்டூல் மேல ஏறுவா. நான் ஸ்டூலைப் புடிச்சிக்குவேன். அதுவும் கண்ணை மூடிக்கினு.

இன்னைக்குப் புகை வந்ததும் மேடம்தான், 'பச்சையம்மா, நீ முதல்ல போ'ன்னாங்க. பச்சையம்மா என்னைப் பாக்குது. 'யோவ், நீதானே கொண்டாந்த, நீ இறங்கு, நான் பாக்கறேன்'னுது. டேனியலும் என் பக்கம் கையை நீட்டி, ப்ளீஸ் ப்ளீஸ்ங்கறாரு. முட்டின்னு ஆரம்பிச்சேன் சார், இருமல் வந்துடுச்சு, முடிக்க முடியல. மேடமே பெல்ட்டை எடுத்து எனக்கு மாட்டிட்டாங்க. எப்டி மாட்றதுன்னு பத்து நிமிஷம் முன்னாடி நான்தான் காட்டியிருந்தேன்...

ஜன்னல் கட்டைல உக்காந்தேன். காலை வெளிய போட்டேன். கீழ பாத்தேன். அதைச் செய்யாதீங்கன்னு நாப்பது எடத்துல சொல்லியிருக்கேன் சார், நானே பாத்தேன். அப்பறம் எப்டி வெளிய போனேன்னு தெரியல, பச்சையம்மா தள்ளிச்சுன்னு ஒரு சந்தேகம் இருக்குது. முதல் ஒரு ஜாண் சும்மா விழுந்துச்சு... ஆமா, சக்கரம் சுத்தினாத்தானே புடிக்கும், ஆரம்பத்துல வேகமே இல்லியே. அந்த ஒரு ஜாண்ல நான் செத்துட்டேன் சார். அப்பால கர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், புடிச்சிக்கிச்சு. அப்டியே இறங்குது. ஒழுங்கா இறங்குது. அதோட விட்டிருக்கலாம். ரெண்டாவது மாடி ஜன்னல் மேல சன்ஷேடு இருக்குது, கால் அதுல பட்டுது. பக்கத்துல லாட்ஜ் பெயர் போர்டு. ரெண்டு கையாலயும் புடிச்சேன். புடிச்சவன் விடல.

... ஆமா சார். கரெக்ட். நான் நின்னா சக்கரம் நிக்கும், சக்கரம் நின்னா பிரேக்கு வேலையே இல்ல. அது ஆளை நிறுத்தறதுக்கு இல்ல, மெதுவா இறக்கறதுக்குத்தான். நிறுத்தினது நான். உங்களுக்குப் புரியுது, எனக்கு அப்ப புரியல. போர்டை விட்டா திரும்ப அந்த ஒரு ஜாண் விழணுமேன்னுதான் தோணுது, வேற ஒண்ணும் தோணல...

அதான் சார். அதேதான் நான் சொல்ல வந்தது. கயித்துக்கு ரெண்டு நுனி. ரெண்டுலயும் பெல்ட்டு. ஒண்ணு கீழ வந்தா இன்னொண்ணு மேல போகும், அடுத்த ஆளு அதுல மாட்டிக்கலாம். நான் பாதில நின்னா அந்தப் பெல்ட்டும் பாதில நிக்கும். மேல இருக்கறவங்களுக்கு எட்டாது. மேல மூணு பேர் புகைல நிக்கறாங்க, நான் போர்டைக் கட்டிக்கினு அம்மா அம்மாங்கறேன்...

ஒரு நிமிஷம். கொஞ்சம் கூட இருக்கலாம். வீடியோல பாத்தா ஒரு நிமிஷம் பத்து வினாடி. நாலு தடவை பாத்தேன் சார்.

... கேளுங்க. திட்டுங்க... ம்... ம்... ஆமா... இருக்கு சார், எனக்கும் பொண்டாட்டி, பொண்ணு இருக்குது... ம்... நான் இல்லன்னு சொல்லலியே...

இல்ல சார். நானா விடல. அதையும் சொல்லிடறேன். மேலேருந்து மேடம் தலையை நீட்டி, 'சார், கையை விடுங்க! உங்களை மணல் மூட்டைன்னு நெனச்சுக்கோங்க!'ன்னு கத்தினாங்க. கீழ ஜனம் எல்லாம் விடு விடுங்குது. நான் விடல. போர்டுதான் என்னை விட்டுடுச்சு. லாட்ஜ்ல 'லா' இருக்குதுல்ல, அந்த எழுத்து கையோட பேந்து வந்துடுச்சு. எழுத்தும் நானும் ஒண்ணா இறங்கினோம். தரைல கால் வச்சும் நான் அதை விடல, ஃபயர்காரங்க வந்துதான் வாங்கி வச்சாங்க. அப்பறம் பாத்தா சென்னைலேருந்து டீலர் போன் பண்றாரு. 'வீடியோ சூப்பரு, கத்தறதை மட்டும் மியூட் பண்ணிட்டு ஸ்டேட்டஸ்ல போடு, ஆர்டர் அள்ளும்'ங்கறாரு. நான் போடல சார். அதுல ஒரு நிமிஷம் பத்து வினாடி இருக்குது.

... அப்பறமா? அப்பறம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, நான்தான் கயித்துல இல்லியே. டேனியல் இறங்கினாரு, பதிமூணு வினாடி. பச்சையம்மா இறங்கிச்சு, பதினேழோ என்னவோ. கண்ணை மூடி, கை கூப்பிக்கினு வருது, கோபுர தரிசனம் பண்ற மாதிரி. கடைசில மேடம். அவங்க வர்றதுக்குள்ள ஜன்னல் ஃபுல்லா கறுப்பு. பெல்ட்டு மேல போயிடுச்சு, ஆளைக் காணோம். நான் கீழேருந்து கத்திக்கினே நிக்கறேன். அப்பறம் வந்தாங்க. தரைல கால் பட்டதும் மடிஞ்சு உக்காந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்ல நான்தான் கூட வந்தேன்.

ரெண்டு பேரை முன்னாடி அனுப்பிட்டு கடைசியா வந்தாங்க சார் உங்க வீட்டுக்காரம்மா. தெய்வம்னா அவங்களைச் சொல்லுங்க. நான் அந்த ஒரு நிமிஷத்தைத் தின்னாம இருந்திருந்தா இந்த மாஸ்க்கு வந்திருக்காது. அதை உங்ககிட்ட சொல்லாம, பஸ் ஸ்டாப்புல வந்து நின்னு, நீங்க என் கையைப் புடிச்சு நன்றி சொல்லி, நானும் பல்லைக் காட்டிக்கினு... முடியாது சார் என்னால. அவ்ளோதான். சொல்லிட்டேன்.

... சார்?

... இப்ப திட்டுங்க சார். திட்டினீங்கன்னா கூட நல்லாருக்கும்.

... யாரு என் கையைத் தட்டறது?... இருங்க. இருங்க இருங்க. சார், மேடம் கண்ணைத் தொறந்து என்னைப் பாக்கறாங்க... மேடம், முழிச்சிட்டீங்களா? எப்ப முழிச்சீங்க?... ஐயய்யோ. சார், தூங்கலியாம். கையை ஆட்டறாங்க, ஆரம்பத்துலேருந்தே தூங்கலியாம்... மேடம், மாஸ்க்கைத் தொடாதீங்க! சிஸ்டர் என்னைத்தான் கொல்லுவாங்க... என்ன? பேனாவா? இந்தாங்க... எழுதறாங்க சார். மருந்துச் சீட்டுப் பின்னாடி எழுதறாங்க. இருங்க... ரொம்ப எழுதறாங்க... ஆமா, நல்லாத்தான் இருக்காங்க, கை நடுங்கல... இன்னும் எழுதறாங்க...

குடுத்துட்டாங்க. உங்ககிட்ட படிச்சுக் காட்டணுமாம். படிக்கவா?

'என்னங்க. நான் நல்லாருக்கேன். பாப்பாவை உங்க அக்கா வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க. சாரைத் திட்டாதீங்க. அவர் ஒரு நிமிஷம்தான் நின்னாரு...' மேடம், இதெல்லாம் வேணாம் மேடம்... சரி, படிக்கறேன், முறைக்காதீங்க... 'ரெண்டு பேரை முன்னாடி அனுப்பினது தைரியத்துல இல்ல. எனக்கு அந்த ஜன்னல்ல ஏறவே பயமா இருந்தது. இன்னொருத்தர் போகட்டும், இன்னொருத்தர் போகட்டும்னு...' 

... சார், இருங்க, எழுத்து சின்னதா இருக்குது...

'...கடைசில ஆளே இல்ல. பெல்ட் மட்டும் வந்து நின்னுது. அப்பவும் நான் ஏறல. மூணு நிமிஷமாவது நின்னிருப்பேன். புகையைக் குடிச்சது அப்பத்தான்.'

... சார். நான் கீழதானே நின்னேன். பெல்ட்டு மாட்டத் தெரியாம நிக்கறாங்கன்னு நெனச்சேன்...

இருக்கு, இன்னும் ரெண்டு வரி இருக்கு. 'கீழேருந்து இவர் கத்தினாரு. மேடம், நானே விழல, நீங்க எப்படி விழுவீங்க, வாங்கன்னு. அதைக் கேட்டதும்தான் ஏறினேன்.'

... நான் அப்டியா கத்தினேன்? மேடம், நானா?... தலையாட்டறாங்க சார். சிரிக்கறாங்க, மாஸ்க்கெல்லாம் ஆவி படிஞ்சு போச்சு. எனக்கு சத்தியமா ஞாபகமே இல்ல. என்னென்னமோ கத்தினேன், அதுல இது ஒண்ணு போலிருக்குது...

சார், அழாதீங்க... பஸ்ல எல்லாரும் பாப்பாங்க... நானா? நான் ஒண்ணும் அழல, மூக்கு அடைச்சிருக்குது... ஆமா, காலைலேருந்தே... என்னது?... சொல்லுங்க, சொல்லுங்க... அவங்க காதுலயா? வைக்கறேன் சார். தாராளமா. ஆனா பதில் வராது, வாயைத் தொறந்தாங்கன்னா நானே போனை வாங்கி வச்சிடுவேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருங்க, அவங்க கேட்டுக்கினு இருப்பாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

மேடம், இந்தாங்க. சார் லைன்ல இருக்காரு... தலையை இப்டித் திருப்புங்க, மாஸ்க்கு ட்யூபு இடிக்குது... ஆங்.

காதுல வச்சிட்டேன் சார். பேசுங்க.